ஸ்டுடியோ மானிட்டர்: யார் காதுக்கான உண்மை?

களத்தில் பாடல்களையும் வட்டார வழக்குகளையும் பதிவு செய்யும் ஆய்வு மாணவர்களிடையே அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. எடுத்து வந்த பதிவை வாடகை அறையில் வைத்துக் கேட்டுச் சீர்செய்ய எந்த மானிட்டர் ஸ்பீக்கரை வாங்குவது? யமஹாவா, ஜே.பி.எல்லா, ஜெனலெக்கா? ஐந்து அங்குலமா, எட்டு அங்குலமா? உதவித்தொகையில் மிச்சம் பிடித்து ஒரு சோடி வாங்குபவருக்கு இது சிறிய கேள்வி அன்று. பணத்தைவிடப் பெரிதொன்றும் இதில் அடங்கியுள்ளது. எண்பது வயதுப் பாட்டி ஒருவர் பாடிய ஒப்பாரியை மீண்டும் ஒருமுறை பதிவு செய்யும் வாய்ப்பு நமக்குக் கிட்டாமலே போகலாம். அந்தக் குரலில் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்ற முடிவை மேசைமேல் நிற்கும் அந்த இரு பெட்டிகளை நம்பியே எடுக்கிறோம்.

விலையையும் வாட்டையும் ஒப்பிடும் பட்டியல்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. எல்லா நிறுவனங்களும் தத்தம் பெட்டி உள்ளதை உள்ளபடி ஒலிக்கும் என்றே கூறுகின்றன. அது மெய்யாயின் எல்லாப் பெட்டிகளும் ஒன்றுபோல் ஒலித்தல் வேண்டும். ஒலிப்பதில்லை. ஏன் என்பதற்கான விடை இக்கருவியின் நூறாண்டு வரலாற்றில் இருக்கிறது. ஒப்பீட்டுப் பட்டியலுக்கு முன் அவ்வரலாற்றைப் படிப்பது பயன்தரும் என்பதால் இப்பதிவு.

சொல்லிலிருந்து தொடங்கலாம். 'மானிட்டர்' என்பது நினைவூட்டுதல், எச்சரித்தல் என்று பொருள்படும் 'மோனெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து பிறந்த பெயர். ஒலிக்கருவிக்கு வருமுன்பே அது பள்ளிக்கூடத்தில் வழங்கியது. நம் திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பைக் கண்காணித்த மூத்த மாணவனைச் சட்டாம்பிள்ளை என்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைகளுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைக் கையாண்டு, அதனை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஆகவே மானிட்டர் ஸ்பீக்கரைச் சட்டாம்பிள்ளை என்று அழைப்பது வெறும் வேடிக்கை அன்று. குற்றம் கண்டு சொல்வதே இருவருக்கும் வேலை. ஆனால் சட்டாம்பிள்ளை எப்போதும் யாரோ ஒருவர் சார்பில்தான் கண்காணிக்கிறான். மானிட்டரின் வரலாறு முழுவதும் அந்த 'யார்' மாறிக்கொண்டே வந்த கதைதான்.

1. திரையரங்கின் சார்பில்

இன்று நாம் பயன்படுத்தும் ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை 1925இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இருவரும் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். காந்தப் புலத்தில் அசையும் கம்பிச்சுருள், அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பு என்ற அந்த அமைப்பு இன்றளவும் பெரிதாக மாறவில்லை. ஈராண்டுகளில் பேசும்படம் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கானோர் அமரும் கூடத்தில் நடிகரின் பேச்சு கடைசி வரிசைக்கும் தெளிவாகச் சென்றடைய வேண்டும் என்ற தேவையே அடுத்த பத்தாண்டு ஆய்வைச் செலுத்தியது.

எம்.ஜி.எம். நிறுவனத்தின் ஒலித்துறைத் தலைவர் டக்ளஸ் ஷியரர், பொறியாளர் ஜான் ஹில்லியர்ட், ஸ்பீக்கர் வடிவமைப்பாளர் ஜேம்ஸ் பி. லான்சிங் முதலியோர் உருவாக்கிய 'ஷியரர் ஹார்ன்' 1936ஆம் ஆண்டுக்கான அகாதமி தொழில்நுட்ப விருதைப் பெற்றது. தாழ் ஒலிக்கு ஒரு ஹார்ன், உயர் ஒலிக்கு ஒரு ஹார்ன் எனப் பிரித்தபோது அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் இன்றும் பாடமாகும் தகுதியுடையது. இரு ஹார்ன்களிலிருந்தும் ஒலி வந்து சேரும் தொலைவு வேறுபட்டால், நடனக் காலணியின் ஒரே தட்டு இரண்டு தட்டாகக் கேட்கிறது. அளவில் சரியாக இருக்கும் ஒலியும் காலத்தில் பிழைபடலாம் என்ற இந்தப் பாடம் பின்னர் வேறோரிடத்தில் மீண்டும் வரும்.

திரையரங்குக்காகப் பிறந்த இந்த நுட்பமே சிறிதாகிப் பதிவுக்கூடத்துக்குள் நுழைந்தது. 1940களின் நடுவில் வந்த ஆல்டெக் லான்சிங் 604, பதினைந்து அங்குலக் கூம்பின் நடுவிலேயே உயர் ஒலி ஹார்னைப் பொருத்தி, இரண்டும் ஒரே புள்ளியிலிருந்து ஒலிக்குமாறு செய்தது. 1947இல் லண்டனின் டன்னாய் நிறுவனம் அதே நோக்கில் 'டூயல் கான்சென்ட்ரிக்' என்ற அமைப்பை வெளியிட்டது. 1946இல் தனியே பிரிந்த லான்சிங் தொடங்கிய நிறுவனமே இன்றைய ஜே.பி.எல். இவையெல்லாம் பெரிய பெட்டிகள். பெரிய அறையும் பெரும் பொருளும் உடைய நிறுவனங்களுக்கே உரியவை. அங்கே சட்டாம்பிள்ளை பெரிய கூடத்தின் ஆள்.

2. மனிதக் குரலின் சார்பில்

போருக்குப் பிந்தைய பிரிட்டனில் வேறொரு மரபு உருவாயிற்று. மொழியியல் படித்தவன் என்ற முறையில் இவ்வரலாற்றில் என்னை மிகவும் ஈர்க்கும் பகுதி இதுவே. பி.பி.சி. வானொலியின் ஆய்வுத்துறை சர்ரே மாவட்டத்தின் கிங்ஸ்வுட் வாரன் மாளிகையில் இயங்கியது. அங்குப் பணியாற்றிய டி.இ.எல். ஷார்ட்டர், 1940களிலேயே, ஸ்பீக்கருக்கு வரும் மின்குறிப்பு நின்ற பிறகும் கூம்பும் பெட்டியும் எவ்வளவு நேரம் முனகிக்கொண்டிருக்கின்றன என்பதை அளக்க முற்பட்டார். எல்லா அதிர்வெண்களும் சம அளவில் ஒலிக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் இந்த முனகல் அளவீட்டில் மறைந்துவிடும். காதுக்கு மறையாது.

அவர்கள் இறுதித் தீர்ப்பை எதனிடம் விட்டார்கள் என்பது இன்னும் முக்கியமானது. தமக்கு நன்கு பழகிய ஒருவரின் பேச்சை எதிரொலி இல்லாத சூழலில் பதிவு செய்து, அதே மனிதரின் நேரடிப் பேச்சோடு ஸ்பீக்கரின் ஒலியை ஒப்பிட்டனர். வயலின் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு வரலாம். பக்கத்து மேசைக்காரரின் குரல் எப்படி ஒலிக்கும் என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. தொண்டை கரகரத்தாலும் மூக்கடைத்தாலும் உடனே கண்டுகொள்ளும் அளவுக்கு நம் செவி மனிதக் குரலில் பழகியிருக்கிறது.

இந்த மரபின் நன்கறியப்பட்ட பிள்ளை எல்.எஸ்.3/5ஏ. அதன் பிறப்பும் சுவையானது. இசைக்கூடங்களின் ஒலியியலை ஆராய எட்டில் ஒரு பங்கு அளவில் மாதிரிக் கூடம் கட்டிச் சோதிக்கும் ஆய்வுக்காக ஒரு சிறிய ஸ்பீக்கர் தேவைப்பட்டது. அப்படிச் செய்த சிறு பெட்டி எதிர்பார்த்ததைவிட நன்றாக ஒலிக்கவே, அதனை வெளி ஒலிபரப்பு வண்டிகளுக்குப் பயன்படுத்தலாம் என்று கண்டனர். இடுக்கமான அவ்வண்டிகளில் பெரிய ஸ்பீக்கர் வைக்க இடமில்லை. ஹெட்ஃபோன் வைத்துச் சமன்பாட்டை முடிவு செய்வதும் நிறைவளிக்கவில்லை. 1970களின் நடுவில் முழு வடிவம் பெற்ற எல்.எஸ்.3/5ஏ ஏறத்தாழ 30 செ.மீ. உயரமே உடையது. கெஃப் நிறுவனத்தின் பிளாஸ்டிக் கூம்பும் சிறு ட்வீட்டரும் கொண்டது. ஹார்பெத் நிறுவனத்தைத் தொடங்கிய ஹார்வுட், ஸ்பெண்டரைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹியூஸ் இருவரும் இதே ஆய்வுத்துறையிலிருந்து வந்தவர்கள்.

இப்பெட்டியால் முரசின் அடித்தளத்தை ஒலிக்க இயலாது. அதிக உரத்த ஒலியும் தாங்காது. ஆனால் அறிவிப்பாளர் ஒலிவாங்கிக்கு மிக அருகில் அமர்ந்துவிட்டார், அறையில் எதிரொலி மிகுந்திருக்கிறது என்பன போன்றவற்றை ஐயமறச் சொல்லிவிடும். வண்டிக்குள் இருந்த பொறியாளருக்கு அது போதுமானதாக இருந்தது.

3. வரவேற்பறையின் சார்பில்

வானொலியும் கார் ஸ்டீரியோவும் பெருகிய காலத்தில் அமெரிக்கப் பதிவுக்கூடங்களுக்கு ஒரு புதிய கவலை வந்தது. சுவரில் பதித்த பெரிய மானிட்டரில் மேன்மையாக ஒலித்த பாட்டு வீட்டு வானொலியில் உயிரின்றிக் கிடந்தது. மேசைமேல் ஒரு சிறிய, எளிய பெட்டியை வைத்து அதிலும் கேட்டுப் பார்க்கும் வழக்கம் இப்படி எழுந்தது. அவற்றுள் பெயர் பெற்றது ஆரடோன் 5சி. நாலரை அங்குலத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர் கொண்ட கனசதுரப் பெட்டி. தாழ் ஒலியும் இல்லை, மின்னும் உயர் ஒலியும் இல்லை. மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' இசைத்தொகுப்பின் ஒலிப்பொறியாளர் ப்ரூஸ் ஸ்வீடியன் இச்சிறு பெட்டியைப் பெரிதும் நம்பியவர். இதில் குரல் தெளிவாகக் கேட்டால் எங்கும் கேட்கும் என்பதே கணக்கு.

யமஹா என்.எஸ்.-10 இதைவிட வியப்பான கதை. 1978இல் வீட்டு உபயோகத்துக்கான அலமாரி ஸ்பீக்கராக வெளிவந்தது. இசை விரும்பிகள் அதை வரவேற்கவில்லை. உயர் ஒலி காதைக் குத்துகிறது, தாழ் ஒலி போதவில்லை என்றனர். ஆனால் பதிவுக்கூடத்தார் அதையே எடுத்துக்கொண்டனர். அதனைப் பரப்பியவர்களுள் முதன்மையானவராக அமெரிக்க ஒலிப்பொறியாளர் பாப் கிளியர்மௌண்டன் குறிக்கப்படுகிறார். வெண்ணிறக் கூம்புடைய அந்தக் கறுப்புப் பெட்டி 1980களின் கட்டுப்பாட்டு அறைப் படங்கள் பலவற்றில் காணக் கிடைக்கும். குத்தும் உயர் ஒலியை மட்டுப்படுத்தப் பலர் ட்வீட்டரின்மேல் மெல்லிய டிஷ்யூ காகிதம் ஒட்டினர். எந்தக் காகிதம் எவ்வளவு குறைக்கிறது என்று பாப் ஹோடாஸ் என்ற பொறியாளர் அளந்து 1986இல் கட்டுரையே எழுதினார். 1987இல் யமஹா உயர் ஒலியைத் திருத்தி 'என்.எஸ்.-10எம் ஸ்டுடியோ' என்ற பெயரில் வெளியிட்டது.

நடு அதிர்வெண்கள் புடைத்து, தாழ் ஒலி சரிந்து நிற்கும் ஒரு பெட்டி இருபதாண்டுகள் எப்படித் தரமாக நிலைத்தது? 2001இல் பிலிப் நியூவெல், கீத் ஹாலண்ட் முதலியோர் இதைப் பல மானிட்டர்களோடு ஒப்பிட்டு அளந்தனர். துளையின்றி மூடப்பட்ட பெட்டியாதலால் குறிப்பு நின்றவுடன் இதன் ஒலியும் விரைந்து நின்றுவிடுகிறது; தாழ் ஒலியில் முனகல் தங்குவதில்லை. முன்புறம் துளையிட்ட பெட்டிகள் அதிகத் தாழ் ஒலி தருகின்றன. ஆனால் அவ்வொலி சற்றுப் பிந்தி அடங்குகிறது. ஷார்ட்டர் 1940களில் எழுப்பிய கேள்வியும், நடனக் காலணியின் இரட்டைத் தட்டும் இங்கே ஒன்றுசேர்கின்றன. கூம்புக்கான மரக்கூழ் கிடைக்காமையால் என்.எஸ்.-10இன் தயாரிப்பு அதே 2001இல் நின்றது. 2008இல் அதற்குத் தொழில்நுட்ப கிராமி விருது வழங்கப்பட்டது.

4. அளவீட்டின் சார்பில்

மூன்றாவது மரபு பின்லாந்திலிருந்து வந்தது. அந்நாட்டு வானொலிக்குப் புதிய ஒலிபரப்பு இல்லம் எழும்பியபோது, அதற்கென உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் பொருத்திய மானிட்டரை இல்போ மார்ட்டிகைனென், டோபி பார்த்தனென் இருவரும் உருவாக்கினர். 1978இல் ஈசால்மி நகரில் அவர்கள் தொடங்கிய நிறுவனமே ஜெனலெக். வூஃபருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர், ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்; அவற்றுக்கு முன்னரே மின்குறிப்பைப் பிரித்துவிடுதல். எந்த ஆம்ப்ளிஃபயரோடு இணைப்பது என்ற தலைவலி வாங்குபவருக்கு இல்லை. இன்று வீட்டுப் பதிவுக்கு விற்கும் பெட்டிகள் பெரும்பாலும் இவ்வகையே.

வீடே பதிவுக்கூடம் ஆனதும் இக்காலத்தில்தான். நம்மவருக்கு நன்கு தெரிந்த சான்று, 1989இல் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டி ஏ.ஆர். ரகுமான் அமைத்த பஞ்சதன் ரெக்கார்ட் இன். 1992இல் வந்த 'ரோஜா' பாடல்களுக்குப் பின்னால் இருந்தது பெரிய ஸ்டுடியோவின் அரங்கன்று, அந்தச் சிறு கூடம். பின்னர்க் கணினி மலிந்தது. 2005இல் யமஹா வெண்கூம்போடு எச்.எஸ். வரிசையை வெளியிட்டது, 2013இல் எச்.எஸ்.5 முதலியவையும் ஜே.பி.எல். எல்.எஸ்.ஆர்.305உம் வந்தன. முன்பு நிறுவனங்கள் மட்டுமே வாங்கக்கூடிய கருவி தனியாள் வாங்கும் விலைக்கு இறங்கியது.

அதே வேளையில் 'எது நல்லது' என்ற கேள்வியை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர் கனடா தேசிய ஆய்வு மன்றத்தின் ஃபிளாய்டு டூல். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின் மறைத்து, ஒலி அளவைச் சமன் செய்து, கேட்போரிடம் மதிப்பெண் கேட்டார். நேர் எதிரிலும் பக்கவாட்டிலும் சீராக ஒலிக்கும் பெட்டிகளையே கேட்போருள் பெரும்பாலோர் விரும்பினர். 1994இல் அவரும் ஷான் ஆலிவும் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. ஸ்பீக்கர் நிறுவனமொன்றின் ஊழியர்களே கேட்போர். திரைமறைவில் நல்ல மதிப்பெண் பெற்ற ஒரு சிறிய, மலிவான பெட்டி, திரையை விலக்கியதும் மதிப்பில் சரிந்தது. பெரிய, விலையுயர்ந்த பெட்டிகள் ஏறின. காதுகள் மாறவில்லை, கண் திறந்ததுதான் வேறுபாடு.

டூல் சுட்டிய மற்றொன்று இன்னும் ஆழமானது. ஸ்பீக்கர் நல்லதா என்று பதிவை ஒலிக்கவிட்டுத் தீர்மானிக்கிறோம். அப்பதிவோ வேறொரு ஸ்பீக்கரில் கேட்டுத் தீர்மானிக்கப்பட்டது. இந்தச் சுழலை அவர் 'குழப்ப வட்டம்' என்றார். என்.எஸ்.-10ஐ வைத்து வடித்த பாட்டில் அந்தப் பெட்டியின் குறைகளுக்கான ஈடும் கலந்திருக்கிறது. ஒரு காலத்தின் சட்டாம்பிள்ளை தன் விருப்பு வெறுப்புகளை அக்காலத்தின் பதிவுகளில் எழுதிவிட்டே செல்கிறான்.

5. பத்துக்குப் பத்து அறையில்

இனி நம் வாடகை அறைக்கு வருவோம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். ஒலியியல் நோக்கில் இதைவிடக் கெட்ட வடிவம் அரிது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலியலை நின்று ததும்பும் முதல் அதிர்வெண் இங்கு ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ், அடுத்தது 113. மூன்று திசைகளிலும் அளவு ஒன்றே ஆதலால் மூன்று ததும்பல்களும் ஒரே இடத்தில் குவிகின்றன. 113 ஹெர்ட்ஸ் என்பது ஆண் குரலின் அடிப்படை அதிர்வெண் உலவும் இடம். அறையின் ஒரு மூலையில் அமர்ந்து கேட்பவர் முதியவரின் குரல் குமுறுகிறது என்று எண்ணி அங்கே வெட்டுவார். குமுறுவது முதியவரல்லர், அறை. வெட்டுப்பட்டதோ முதியவரின் குரல்.

மேலே போனால் மற்றொரு கண்ணி. இருவழி மானிட்டர்களில் வூஃபர் முடிந்து ட்வீட்டர் தொடங்கும் இடத்தைக் கிராஸ்ஓவர் என்பர். என்.எஸ்.-10இலும் எச்.எஸ்.5இலும் அது 2,000 ஹெர்ட்ஸ், எல்.எஸ்.3/5ஏயில் ஏறத்தாழ 3,000. தமிழின் லகர, ளகர, ழகர வேறுபாடு பெரிதும் தங்கியிருக்கும் பகுதியும் இதுவே. நாவை வளைத்து ழகரம் ஒலிக்கையில், குரலின் மூன்றாம் ஃபார்மண்ட் என்று ஒலியியலார் கூறும் ஆற்றல் முகடு வழக்கமான இடத்திலிருந்து கீழே இறங்குகிறது. தமிழின் இவ்வகை மெய்களை எம்.ஆர்.ஐ. படங்களின் துணையோடு நாராயணன், பேர்ட், கௌன் ஆகியோர் 1999இல் விரிவாக ஆராய்ந்துள்ளனர். நிமிர்ந்து நிற்கும் பெட்டியில் நம் காது ட்வீட்டருக்கு மிக மேலோ கீழோ இருந்தால், இரு ஸ்பீக்கர்களின் ஒலியும் கிராஸ்ஓவரை ஒட்டி ஒன்றையொன்று தின்று அங்கே ஒரு பள்ளம் விழும். பெட்டியைப் படுக்க வைத்தால், தலையை இடவலமாக அசைக்கும்போதெல்லாம் அப்பள்ளம் நகரும். ஒரு வட்டாரத்தில் ழகரம் ளகரமாகிவிட்டதா என்று ஆராய்பவருக்கு இது அலங்காரச் செய்தி அன்று. ஒலியளவைக் கணினியில் வரைந்து பார்க்காமல், செவியை மட்டும் நம்பி எழுத்துப்பெயர்ப்பவருக்கு இது தரவையே மாற்றக்கூடியது.

எனவே ஒப்பிட விரும்புவோர்க்கு இவ்வரலாறு தரும் வழிகள் சில.

முதலாவது, ஒப்பிடும் இரு பெட்டிகளின் ஒலியளவையும் சமமாக்குக. சற்றே உரத்து ஒலிப்பது மேலானதாகத் தோன்றும். மெல்லிய ஒலியில் தாழ் அதிர்வெண்களுக்குச் செவியின் கூர்மை குறைவு என்பதை ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே வரைந்து காட்டினர்.

இரண்டாவது, பெயர்ப்பலகையைத் துணியால் மூடி, நண்பர் ஒருவரை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்க.

மூன்றாவது, திரைப்பாடலுக்கு முன் பழகிய மனிதரின் பேச்சைக் கேளுங்கள். அந்த மனிதரே அருகில் அமர்ந்திருந்தால் மிகவும் நன்று. பி.பி.சி. ஆய்வாளர்கள் கையாண்ட இவ்வுத்திக்குச் செலவில்லை.

நான்காவது, ட்வீட்டர் காது உயரத்தில் நிற்க, இரு பெட்டிகளும் தலையும் சமபக்க முக்கோணமாக அமையட்டும். மூலையை விட்டு விலகி, அறையின் நட்டநடுவையும் தவிர்த்து அமர்க. எட்டு அங்குலத்துக்குச் செலவிடும் கூடுதல் பணத்தைப் புத்தக அலமாரிக்கும் தடித்த திரைச்சீலைக்கும் பஞ்சு மெத்தைக்கும் செலவிட்டால், 56 ஹெர்ட்ஸ் அடங்காவிட்டாலும் நடு, உயர் ஒலிகளின் எதிரொலி அடங்கும். குரல் ஆய்வுக்கு ஐந்து அங்குலம் போதும். பறையும் தவிலும் பதிவு செய்வோர் தாழ் ஒலியை நல்ல ஹெட்ஃபோனிலும் சரிபார்க்கட்டும்.

ஐந்தாவதுதான் முதன்மையானது. களத்திலிருந்து வந்த மூலப்பதிவில் கைவைக்காதீர்கள். திருத்தம் எதுவாயினும் படியில் செய்து, என்ன செய்தோம், எந்த ஸ்பீக்கரில் கேட்டுச் செய்தோம் என்பதைப் பதிவோடு எழுதி வையுங்கள். நாளைய ஆய்வாளர் அக்குறிப்பைக் கண்டால் நம் பெட்டியின் சாய்வையும் கணக்கில் கொள்வார். இல்லையேல் அச்சாய்வையே பாட்டியின் குரலென்று நம்புவார்.

திரையரங்கின் கடைசி வரிசை, வண்டிக்குள் அமர்ந்த பொறியாளர், வீட்டு வானொலி, ஆய்வுக்கூடத்தின் திரைமறைவு என ஒவ்வொரு தலைமுறையும் தன் சட்டாம்பிள்ளைக்கு ஒரு எசமானரைத் தேர்ந்தது. நம் களப்பதிவுகளுக்கு எசமானர் பாடியவரும் பேசியவருமே. அவர் நேரில் எப்படி ஒலித்தார் என்பதை மறவாதவரிடம் எளிய பெட்டியும் உண்மை பேசும்.

சிறிய அறைகளில் களப்பதிவுகளைக் கையாளும் நண்பர்கள் தாம் கண்ட நடைமுறைகளை எழுதினால் பின்வரும் மாணவர்களுக்குப் பயன்படும்.